லாக்கரில் ஒலித்த போன்

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைச் சந்திரலேகா முதல் முறையில் எடுப்பதில்லை. இரண்டாம் முறையும் எடுப்பதில்லை. மூன்றாம் முறை எடுத்தாலும் தன் பெயரைச் சொல்லமாட்டார். யாரைத் தேடுகிறார்கள் என்று எதிர்முனையில் இருப்பவரே சொல்லட்டும் என்று காத்திருப்பார். தண்ணீர் கேன் வந்தால் மூடியின் மேலுள்ள உறையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வாங்குவார். வாடகை வீட்டுக்கு வந்த முதல் நாள், மின்விசிறியின் கிண்ணத்தையும் குளியலறையின் ஓட்டைகளையும் ஒளித்துவைத்த கேமரா இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். உடன் தங்கியிருக்கும் வேல்விழி இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறாள். பிறகு அவளும் டார்ச் அடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இது பிறவிக்குணம் என்று சொல்ல முடியாது. திசையன்விளைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ முடித்துப் பத்தொன்பது வயதில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பையைக் கொடுத்துவிட்டு இறங்கி டீ குடித்த பெண்தான் அவர். செல்போன் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். கடைசி ஒன்பது வருடம் சோதனை மேசை. இருபது நொடிக்கு ஒரு போன் முன்னால் வரும். திரை, கேமரா, பொத்தான், ஒலி. சரியென்றால் தள்ளிவிட வேண்டும். தவறென்றால் சிவப்பு ஸ்டிக்கர்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தரப்பிரிவு அதிகாரிகள், பழுதானது என்று தங்களுக்குத் தெரிந்த ஒரு போனை யாருக்கும் சொல்லாமல் உற்பத்தி லைனில் கலந்துவிடுவார்கள். அதற்கு டம்மி பீஸ் என்று பெயர். எந்த நாள், எந்த மணி என்று தெரியாது. அதைப் பிடித்தால் யாரும் பாராட்டமாட்டார்கள்; பிடிப்பதற்குத்தானே சம்பளம். விட்டுவிட்டால், ஷிப்டு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் போய்ப் பலகையில் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். சந்திரலேகா ஒன்பது வருடத்தில் இரண்டு முறை எழுதினார். அந்த இரண்டு தேதிகளும் இன்றும் அவருக்கு நினைவிருக்கின்றன.

வல்லம் வடகால் அரசு நடுநிலைப் பள்ளிக்கு ஒரு நிறுவனம் இருபது டேப்லெட்டுகளை நன்கொடையாகக் கொடுத்தது. கொடுத்த அன்று புகைப்படம் எடுத்தார்கள். அதன்பின் அவை எட்டு மாதம் பீரோவில் இருந்தன. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தலைமை ஆசிரியர் சாம்சன் விடாமல் கடிதம் எழுதியதால், ஒரு தற்காலிகப் பயிற்றுநருக்கும் அந்த நிறுவனமே சம்பளம் தர ஒப்புக்கொண்டது. வேலை நிரந்தரமில்லை, ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்க வேண்டும். தபால்வழியில் கணினிப் பட்டம் முடித்திருந்த சந்திரலேகா, பி.எஃப்., போனஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்கு வந்தார்.  இருபது நொடியில் முடிந்துவிடாத ஒரு வேலை வேண்டும் என்று வேல்விழியிடம் ஒருமுறை சொன்னார். வாழ்க்கையில் அவர் தானாகத் தேர்ந்தெடுத்தது அந்த வகுப்பு ஒன்றுதான்.

ஊர் அவரை நம்பவில்லை. தெற்கத்திப் பெண், கல்யாணமாகவில்லை, பிள்ளைகளிடம் வீட்டு போன் எண்களை வாங்கி நோட்டில் எழுதுகிறாள். முதல் மாதமே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா பள்ளி வாசலில் மறித்துக் கேட்டார்.

"இன்னா டீச்சர், வூட்டு வூடா நம்பர் எழுதிக்கினு போறீங்க? லோன் ஆப்பு ஆளா நீங்க?"

"நல்ல கேள்வி கேட்டிய. இத உங்க பையனும் கேட்டிருக்கணும். அவன் கேக்காம நம்பரக் குடுத்துட்டான்" என்றார் சந்திரலேகா. அந்த மனிதர் வழிவிட்டார். இருந்தாலும் அடுத்த நாளே தன் எண்ணை நோட்டிலிருந்து அடித்துவிடும்படி மகனிடம் சொல்லி அனுப்பினார்.

பாடங்களில் குறை சொல்ல முடியாது. கடவுச்சொல் எப்படி வைப்பது, ஓடிபி என்றால் என்ன, விளையாட்டுச் செயலி ஒன்று ஏன் உன் கேமராவைக் கேட்கிறது, முகம் தெரியாதவன் உன் புகைப்படத்தை ஏன் அழகு என்கிறான், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் திரையிலிருந்து எடுக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வருவது உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்பதை விளக்க மட்டும் மூன்று வகுப்புகள் எடுத்துக்கொண்டார். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் சேர்த்து முப்பத்தாறு பிள்ளைகள். அவர் யாரையும் அடித்ததில்லை. அதிகம் பாராட்டியதும் இல்லை.

ஆனால் லைனின் வழக்கத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். வீட்டு போன்களைச் சேர்த்து வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். வாரத்தில் ஒருநாள், உண்மையான அறிவிப்புகளுக்கு நடுவில் பொய்யான ஒன்றைக் கலந்துவிடுவார். இலவச லேப்டாப்புக்கு இங்கே அழுத்தவும். உங்கள் மின் இணைப்பு இன்று துண்டிக்கப்படும். வல்லக்கோட்டைக் கோயிலில் சிறப்புத் தரிசனத்துக்குப் பதிவு செய்ய ஆதார் எண் அனுப்பவும். எது டம்மி என்று கண்டுபிடித்த பிள்ளை குழுவில் ஒரு சிவப்புப் புள்ளியைப் போட வேண்டும். ஏமாந்த பிள்ளை திங்கட்கிழமை கரும்பலகையின் ஓரத்தில், 'விட்டவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே, தன் பெயரைத் தானே எழுத வேண்டும். அடுத்த டம்மியைப் பிடிக்கும்வரை பெயர் அழியாது.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. சீக்கிரமே கைதேர்ந்துவிட்டார்கள். எழுத்தில் வருவதையெல்லாம் பிடித்துவிட்டார்கள் என்பதால், ஜனவரியில் சந்திரலேகா ஒரு படி மேலே போனார். வேல்விழி தன் தொழிற்சாலைத் தோழியின் எண்ணிலிருந்து ஆறு வீடுகளுக்குப் பேசினாள். உங்க அப்பா பைக்கில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், உன் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லு. நான்கு பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அதில் ஒருத்தி அழுதுகொண்டே இரண்டு தடவை சொன்னாள். அவள் கவிப்பிரியா, எட்டாம் வகுப்பு, அதுவரை ஒரு டம்மியையும் விடாதவள்.

திங்கட்கிழமை அவள் பெயரை எழுதினாள். சாக்பீஸ் இரண்டாக உடையும்படி அழுத்தி எழுதினாள் என்று சந்திரலேகாவே பிற்பாடு சொன்னார். மற்ற மூன்று பேரும் அடுத்த வாரமே ஆளுக்கொன்றைப் பிடித்துத் தங்கள் பெயரை அழித்துவிட்டார்கள். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஆகவே பலகையில் அவள் பெயர் மட்டும் தனியாக நின்றது.

இந்தப் பகுதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வல்லம் வடகாலிலிருந்து ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் பெரும்பாலான தொழிற்சாலைகளில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலருகே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். அப்பா ஒரு கம்பெனியில், அம்மா வேறொரு கம்பெனியில். காலை ஆறு மணியிலிருந்து இரண்டரை வரை இரண்டு பேருடைய போன்களும் இரண்டு இரும்புப் பெட்டிகளுக்குள் இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் மீதமுள்ள மூன்றாவது போன் பிள்ளையின் கையில் இருக்கும். அதாவது முதல் ஷிப்டு நேரத்தில் இந்த ஊர்களில் போனை எடுக்கக்கூடியவர்களில் பாதிப்பேர் குழந்தைகள். சந்திரலேகா வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் விதி இது: தெரியாதவர் பேசி வீட்டில் யாருக்கோ ஆபத்து என்றால், இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆபத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டவருடைய எண்ணுக்கே கூப்பிட்டுக் கேள். பதினோரு வருடம் தன் போனைத் தானே லாக்கரில் வைத்துப் பூட்டியவர் சொன்ன விதி.

பிப்ரவரியின் இரண்டாம் சனிக்கிழமை. காலை ஒன்பது இருபதுக்கு, ஒரகடம் அருகே கார்களுக்கான வயர் கட்டும் தொழிற்சாலையில் கவிப்பிரியாவின் அம்மா பாஞ்சாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வீங்கியிருந்தது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், உறவினர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பாஞ்சாலியின் கணவர் வசந்தகுமார், கான்ட்ராக்டர் மாற்றிவிட்டதால், போன மாதம்தான் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். இருங்காட்டுக்கோட்டை என்பதற்குமேல் பாஞ்சாலியால் வலியில் சொல்ல முடியவில்லை. அவருடைய படிவத்தில் அவசர எண்ணாக வீட்டு எண் மட்டும்தான் இருந்தது. தொழிற்சாலை மருத்துவ அறையின் நர்ஸ் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்கம்மாவுக்கு வயித்து வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருக்கோம். அப்பா எந்த கம்பெனில வேலை செய்றாரு, சொல்லும்மா."

"நீங்க யாரு?"

"கம்பெனி மெடிக்கல் ரூம்லேந்து பேசறேன்மா."

"போன மாசங்கூட இப்பிடித்தான் ஒரு அக்கா பேசினாங்கோ. மிஸ்கிட்ட சொல்லுங்க, இந்த வாட்டி நான் விடலன்னு."

நர்ஸ் அப்புறம் ஐந்து முறை கூப்பிட்டார். கவிப்பிரியா விதிப்படி அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. அம்மா ஷிப்டில் இருந்தால் எடுக்கமாட்டார். அவள் குழுவில் சிவப்புப் புள்ளியைப் போட்டாள். கீழே அந்த எண்ணையும் எழுதி, அம்மா ஆஸ்பத்திரி, டம்மி, புடிச்சிட்டேன் மிஸ், என்று சேர்த்தாள்.

சந்திரலேகா அப்போது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த வார டம்மியை அவர் இன்னும் அனுப்பியிருக்கவில்லை. ஆகவே இது வெளியே இருந்து வந்த உண்மையான மோசடி, தன் மாணவி அதைப் பிடித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். ஒன்றரை வருடத்தில் குழுவில் அவர் எழுதிய முதல் பாராட்டு அன்றைக்குத்தான் வந்தது. 'சபாஷ் கவிப்பிரியா. இது நான் வைத்தது இல்லை, நிஜத் திருட்டு. எல்லோரும் இந்த எண்ணை உடனே பிளாக் செய்யவும்.'

பத்து நிமிடத்துக்குள் முப்பத்தோரு சிவப்புப் புள்ளிகள் வந்தன.

தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அதே ஊரைச் சேர்ந்த வேறு பெண்கள் லைனில் இருக்கிறார்களா என்று விசாரித்தார். பாஞ்சாலிக்குப் பக்கத்து இடத்தில் நிற்கும் செந்தாமரையும் இன்னொருவரும் தங்கள் வீட்டு எண்களைக் கொடுத்தார்கள். மருத்துவ அறையிலிருந்து இரண்டுக்கும் கூப்பிட்டார்கள். இரண்டு வீடுகளிலும் அந்த எண் பிளாக் ஆகியிருந்தது. நர்ஸுக்குக் காரணம் புரியவில்லை. ஒரே ஊரில் எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் இணைப்பு விழாதது அவருக்குப் பயமாக இருந்ததாம்.

பதினோரு மணிக்குமேல் செந்தாமரைக்குத்தான் தோன்றியது. அந்தப் பெண் அம்மா நம்பருக்குத்தான் அடித்துக்கொண்டிருக்கும், போனை லாக்கரிலிருந்து எடுத்து ஆள்வசம் அனுப்புங்கள் என்றார். காவலாளி ஒருவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினார். வழியெல்லாம் அது ஒலித்தபடி இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்ததால் அவர் எடுக்கவில்லை.

தெருவில் வண்டியை நிறுத்தி, பாஞ்சாலி வீடு எது என்று அவர் கேட்டபோது, வாசலில் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்த பெண் அவரைப் பார்த்தாள். அவள் அடித்துக்கொண்டிருந்த எண் அவருடைய சட்டைப்பைக்குள் ஒலித்தது. அம்மாவின் ரிங்டோன்.

அவள் திருடன் என்று கத்தினாள். தெரு கூடிவிட்டது. இரண்டு பேர் வண்டிச் சாவியைப் பிடுங்கினார்கள். அடையாள அட்டையைக் காட்டினார். அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அது ஐந்தாவது பாடம். கடைசியில் காவலாளி தன் போனில் சூப்பர்வைசரைப் பிடித்து, செந்தாமரையை லைனிலிருந்து அழைத்துவரச் சொல்லி, போனைக் கவிப்பிரியாவிடம் நீட்டினார். செந்தாமரை சொன்னது ஒன்றுதான்.

"காலைல ஒனக்கு ஒரு பக்கந்தான் சட பின்னுச்சாம் ஒங்கம்மா. பஸ் வந்துட்ச்சாம். அதையே சொல்லிக்கினு இருந்துச்சு பாப்பா."

கவிப்பிரியாவின் ஒரு சடை பின்னாமல்தான் இருந்தது. அவள் அப்பாவின் கம்பெனிப் பெயரைச் சொன்னாள்.

அப்பாவின் கம்பெனியைத் தேடிப்பிடித்து, வாசலில் சொல்லி, உள்ளேயிருந்து அவரை வரவழைத்து, கையெழுத்து விழும்போது மணி ஒன்று நாற்பது. குடல்வால் வெடித்திருந்தது. பாஞ்சாலி பிழைத்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அன்று மாலை செய்தி தெரிந்ததும் சந்திரலேகா சோற்றை மூடி வைத்துவிட்டுக் குழுவைத் திறந்து தன் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். வேல்விழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழிச்சிரு அக்கா. எல்லாருக்கும் அழியிற மாதிரி அழிச்சிரு. எவன் நெனவு வச்சிருக்கப் போறான்?"

"முப்பத்தாறு பேருக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லிக்குடுத்தது நாந்தானட்டி."

அழிக்கவில்லை. இதை நேர்மை என்று கணக்கில் வைக்கலாமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அழித்தாலும் பயனில்லை என்று தெரிந்தவர் அழிக்காமலிருப்பது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. அவருடைய சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவர் இரண்டு முறை போனார். முதல் முறை வசந்தகுமார் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை பாஞ்சாலி தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குவதாகச் சொன்னார்கள். கவிப்பிரியா வராந்தாவில் இருந்தாள். சந்திரலேகாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பள்ளிக்கும் அவள் வரவில்லை. வகுப்பை மூட வேண்டும் என்று ஊரில் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருந்தார்கள். தலைமை ஆசிரியர் சாம்சன் பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறித்தார். நன்கொடை நிறுவனத்திலிருந்தும் ஆள் வருவதாக இருந்தது. வகுப்பு தொடருமா என்பது அங்கே முடிவாகும்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மதியம் நிறுவனத்தின் அதிகாரி சக்திகுமார் பள்ளிக்கு வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசுபவர். ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார். நடந்தது என்ன, காரணம் என்ன, இனி என்ன செய்யப்படும் என்று மூன்று பத்திகள். முதலாவதை அவரே நிரப்பியிருந்தார். இரண்டாவதில், மாணவி பாடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தினார், என்று பென்சிலில் எழுதியிருந்தார். இதன்மேல் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் திட்டத்துக்குச் சிக்கல் இல்லை, ஜூனில் புதுப்பித்துவிடலாம், மாணவியின் பெயர் வெளியே வராது, தலைமை அலுவலகக் கோப்பில் மட்டும்தான் இருக்கும் என்று விளக்கினார். சாம்சன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வகுப்பு தொடர வேண்டும்.

சந்திரலேகா அந்தப் படிவத்தை முன்பே அறிவார். லைனில் பழுது வந்தால் நிரப்பும் தாளும் இதே மாதிரிதான். காரணம் என்ற கட்டத்தில் நான்கு வாய்ப்புகள் இருக்கும்: ஆள், இயந்திரம், பொருள், செய்முறை. ஒன்பது வருடத்தில் அவர் பார்த்த தாள்களில் பெரும்பாலும் 'ஆள்' என்ற இடத்தில்தான் டிக் விழும். அது சுலபம். இயந்திரம் என்றால் கம்பெனிக்குச் செலவு, செய்முறை என்றால் அதை எழுதிய பெரியவர்களுக்கு அவமானம். ஆள் என்றால், நின்றுகொண்டிருக்கும் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டினால் போதும். அவர் பெயரும் ஒருமுறை அப்படி ஒரு தாளில் ஏறியிருக்கிறது, தன் மேசைக்கு வராத ஒரு போனுக்காக.

இருந்தாலும் உடனே மறுத்துவிடவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். அன்று மாலை முழுவதும் அந்தத் தாள் மேசைமேல் இருந்தது. எழுதினால் வகுப்பு தொடரும். வகுப்பு தொடர்ந்தால் அடுத்த கவிப்பிரியாவை ஒரு நிஜத் திருடனிடமிருந்து காப்பாற்றலாம். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று தேடினார். ஓட்டை இல்லாததுதான் அவருக்குச் சந்தேகத்தைத் தந்தது. இவ்வளவு சுலபமாக எழுதிவிடக்கூடிய ஒன்றை டம்மி என்று நான் ஏன் உடனே சந்தேகப்படவில்லை என்று வேல்விழியிடம் கேட்டார்.  அவள் அந்த வாரம் முழுவதுமே சரியாகப் பேசவில்லை. ஜனவரியில் போனில் பேசியது அவள் குரல்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். பாஞ்சாலி ஆட்டோவில் வந்து, கதவோரம் போட்ட நாற்காலியில் ஒரு கையை வயிற்றில் வைத்தபடி உட்கார்ந்தார். பின்னால் கவிப்பிரியா. வசந்தகுமார்தான் முதலில் எழுந்தார்.

"போன்ல இன்னா இன்னா கீதுன்னு கத்துக்குடுங்கன்னா, பெத்த தாயிக்கே பிளாக் போட கத்துக்குடுத்துக்கினு கீறீங்க. இதுக்கு ஒரு டீச்சரு, அதுக்கு ஒரு டேப்பு."

சிலர் சிரித்தார்கள். சிலர் அதைவிடக் கடுமையாகப் பேசினார்கள். தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே பிள்ளைகள் இல்லை, அதனால் பயமும் இல்லை என்று ஒருவர் சொன்னார். சக்திகுமார் எழுந்து, இது வருந்தத்தக்க புரிதல் பிழை என்று தொடங்கினார். சந்திரலேகா குறுக்கிட்டு, படிவத்தைத் தான் நிரப்பிவிட்டதாகச் சொல்லி, அதை எடுத்துப் படித்தார். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்திருந்தார். காரணம் என்ற பத்தியில் மூன்று வாக்கியங்கள். வேலை நேரத்தில் அம்மாக்களின் போன்கள் லாக்கரில் இருக்கும் என்பதை மறந்து நான் விதி வைத்தேன். ஏமாந்த பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுத வைத்தேன், அதனால் அவள் இரண்டாம் முறை கேட்கப் பயந்தாள். விசாரிக்காமல் எல்லோரையும் பிளாக் செய்யச் சொன்னது நான்.

அறை அமைதியானது. ஆனால் அந்த அமைதி அவருக்குச் சாதகமானதில்லை. ஒப்புக்கொண்டாயிற்று, இனி மூடிவிடலாம் என்கிற அமைதி. சக்திகுமார் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுபரிசீலனை முடியும்வரை டேப்லெட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்றார். அப்போதுதான் பாஞ்சாலி பேசினார், உட்கார்ந்தபடியே.

"எங்க லைன்லயும் இந்தப் பேப்பர் கீது. மூணு வாட்டி என் பேர் ஏறிகீது. என் பொண்ணு பேர் அதுல இல்லியே?"

"இல்லம்மா."

"திரும்பப் படிங்க."

சந்திரலேகாவிடம் தாள் இல்லை. சக்திகுமார் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். சந்திரலேகா படிக்கும்வரை பாஞ்சாலி காத்திருக்கவில்லை. தன் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டி, முதலிலிருந்து கடைசிவரை தானே பார்த்தார். அதற்கு நேரம் பிடித்தது.  பிறகு தாளைத் திருப்பிக்கொடுத்துவிட்டு, சந்திரலேகாவைப் பார்த்துக் கேட்டார்.

"நாளிக்கி நெசமாவே ஒரு திருடன் இதே மாரி பேசனா, எம்பொண்ணு இன்னா செய்யணும்? எடுக்கணுமா, கட் பண்ணணுமா? அத்த மட்டும் சொல்லுங்க."

 சந்திரலேகா கவிப்பிரியாவைப் பார்த்தார். அன்று நீ எதை வைத்து நம்பினாய் என்று அவளையே கேட்டார். கவிப்பிரியா, சடை, என்றாள்.

அங்கிருந்துதான் அது வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவும் பிள்ளையும் தங்களுக்குள் ஒரு சொல் வைத்துக்கொள்ள வேண்டும். லைனில் பக்கத்தில் நிற்பவர்களில், தான் நம்பும் ஒருவரிடம் மட்டும் அம்மா அதைச் சொல்லி வைக்க வேண்டும். ஆபத்து என்று யார் கூப்பிட்டாலும் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்கலாம். அது இல்லாமல் வந்தால் துண்டிக்கலாம். மருத்துவ அறை கூப்பிடுவதற்கு முன் அந்தத் தோழியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சக்திகுமார், நல்ல யோசனை, சொற்களையெல்லாம் ஒரு பட்டியலாக எடுத்துக் கம்பெனிகளிடம் கொடுத்துவிடலாமே என்றார்.

"கம்பெனிக்கும் கெடையாது, டீச்சருக்கும் கெடையாது. செந்தாமரைக்கு மட்டுந்தான்" என்றார் பாஞ்சாலி.

வகுப்பு தொடரட்டும் என்று அவர் சொல்லவில்லை. மூட வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர் மூடச் சொல்லாததால் மற்றவர்களுக்கு அதைச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. கையெழுத்து வாங்கிய தாள் யார் கையிலோ மடிந்தபடியே இருந்தது. ஏப்ரல் வரை நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சாம்சன் முடித்தார். டேப்லெட்டுகள் அடுத்த வாரம் அட்டைப்பெட்டிகளில் போயின. அவை திரும்பி வரவில்லை. ஜூனில் சம்பளம் வருமா என்பது இதை எழுதும்வரை தெரியாது.

இப்போது வகுப்பு கரும்பலகையில் நடக்கிறது. போன் திரையைச் சந்திரலேகா சாக்பீஸால் வரைகிறார். கூட்டத்துக்குப் பிறகு வந்த வியாழக்கிழமை கவிப்பிரியா வந்தாள், இரண்டு சடையும் பின்னி. ஓரத்தில் அவள் பெயர் இன்னும் இருந்தது. யாரும் அழிக்கவில்லை, டம்மியைப் பிடிக்காமல் அழிக்கக்கூடாது என்பது விதி, ஆசிரியரும் விதியை மீறவில்லை. அதன்கீழே அதே சாக்பீஸில், பெரியவர் கையெழுத்தில், சந்திரலேகா என்று இன்னொரு பெயர் இருந்தது. கவிப்பிரியா இரண்டையும் பார்த்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்றைய பாடம் அந்தச் சொல்லைப் பற்றித்தான். நடிகர் பெயரை வைக்காதீர்கள், ஊர்ப் பெயரை வைக்காதீர்கள், பிறந்த தேதி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார். சிலர் எளிதில் ஊகிக்கக்கூடிய சொற்களை வைத்திருக்கலாம், சரிபார்க்க வேண்டும் என்றார். வரிசையாக நடந்து கவிப்பிரியாவின் பெஞ்சுக்கு அருகே நின்றார்.

"நீயும் அம்மாவும் என்ன வச்சிருக்கிய? காதுல சொல்லு, நல்லா இருக்கான்னு பாக்கேன்."

கவிப்பிரியா எழுந்து நின்றாள். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பின்பெஞ்சில் யாரோ, சொல்லுடி, மிஸ்தானே, என்றார்கள். அவள் ஆசிரியரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"சொல்லமாட்டேன் மிஸ்."

"நான் கேட்டாலுமா?"

"நீங்க கேட்டாலும்."

சந்திரலேகா டஸ்டரை அவளிடம் நீட்டினார். அவள் போய்த் தன் பெயரை அழித்தாள். கீழே இருந்த பெயரை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லி ஆசிரியரும் கேட்கவில்லை.

நீ வேண்டுமென்றே வைத்த டம்மியா அது, இல்லை நிஜமாகவே அந்தச் சொல்லைச் சரிபார்க்கத்தான் கேட்டாயா என்று வேல்விழி அன்று சமைத்துக்கொண்டே கேட்டாளாம். சந்திரலேகா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், உனக்கு எதுக்கு அது, என்று மட்டும் சொன்னார்.